புதுப்பிப்பு: கறுத்து வந்த தைப்பூசப் படங்கள் இப்போது சுவரில்

போன மாதம் கேட்டிருந்தேன்: இங்கே சிங்கப்பூரில் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை எடுத்த தைப்பூசப் படங்கள் வீட்டுப் பிரிண்டரில் கறுத்து வருகின்றனவே, மை கோளாறா என்று. மையில் குறை இல்லை, கணினித் திரைதான் காரணம். அதன் வெளிச்சத்தை முழுதாக ஏற்றி வைத்துக்கொண்டு படங்களைத் திருத்தியிருக்கிறேன். திரை தானாகவே ஒளிரும். தாளோ மேலே விழும் ஒளியைத்தான் திருப்பித் தரும். திரை வெளிச்சத்தைப் பாதி அளவுக்கும் கீழே இறக்கி மறுபடி திருத்தினேன். பிரிண்டர் அமைப்பில் தாளின் வகையையும் சரியாகத் தேர்ந்தெடுத்தேன். இப்போது அப்பாவின் நெற்றியில் வியர்வையோடு விபூதி கரைந்து வழிந்த கோடுகூடத் தெரிகிறது!

அண்ணன் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் மட்டும் மங்கலாகவே வந்தது. ஏ4 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டுமென்றால் 2480க்கு 3508 பிக்சல் தேவை. அதில் பாதிகூட இல்லை. மூலக் கோப்பைக் கேட்டு வாங்கினேன், சரியாகிவிட்டது.

அப்புறம் நம்மூர் ஈரப்பதம். படம் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருந்தால் நாளடைவில் ஒட்டிப்போகும், பிரித்தால் கிழியும். நடுவில் அட்டைச் சட்டம் வைத்து இடைவெளி விட்டிருக்கிறேன். வெயில் படாத உள்சுவராகப் பார்த்து மாட்டினேன். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக் கான்கிரீட் சுவரில் ஆணி இறங்கவில்லை, ஒட்டும் பட்டைதான்.

சமையலறைக்குப் போகும்போதெல்லாம் அம்மா அங்கே ஒரு நிமிடம் நிற்கிறார். அடுத்து பாட்டியின் படம்.