கிணற்றடியில் நிரப்பிய வெற்றுப் போத்தல்

நெகிரி செம்பிலானில் பகாவ் பக்கம் ஒரு பழைய தோட்டம். லோரிகளுக்கு டீசல் ஊற்றுவதற்காக மண்ணுக்குள் புதைத்திருந்த தொட்டியைத் தோண்டி எடுத்துவிட்டு, எண்ணெய் நிலத்தடி நீரில் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க மூன்று சோதனைக் கிணறுகள் போட்டிருந்தார்கள். பள்ளத்தில் லயத்து வீடுகள். நான் மாதிரி எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு பாட்டி வந்து, "ஏம்மா, இந்தத் தண்ணியில பிள்ளைங்கள குளிப்பாட்டலாமா, வேணாமா?" என்று கேட்டார்.

முடிவு வந்தது. மூன்று கிணற்றிலும் பென்சீன், எரிபொருளில் இருக்கும் நச்சுப் பொருள். அளவு பெரிதில்லை, ஆனால் இருக்கிறது. ஒரே கிணற்றில் இரட்டையாக எடுத்த மாதிரிகளும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைக் காட்டின. அதை நம்பி அறிக்கை எழுத உட்கார்ந்துவிட்டேன். ஆனால் மேட்டுப் பக்கக் கிணறு உறுத்தியது. தொட்டி இருந்த இடத்துக்கு மேலே இருக்கும் கிணற்றுக்கு எண்ணெய் எப்படி ஏறும்? அதோடு டீசலில் பென்சீன் மிகக் குறைவு, பெட்ரோலில்தான் அதிகம்.

அப்புறம்தான் வெற்று மாதிரிகளை, அதாவது ஒப்பிட்டுப் பார்க்கச் சுத்த நீர் மட்டும் நிரப்பிய போத்தல்களைப் பார்த்தேன். ஆய்வகத்திலிருந்து மூடியபடியே போய் மூடியபடியே திரும்பிய போத்தல் சுத்தம். கிணற்றடியில் சுத்த நீர் ஊற்றி நிரப்பிய போத்தலில் அதே பென்சீன்! அப்படியென்றால் வழியிலோ ஐஸ் பெட்டியிலோ கலக்கவில்லை, நாங்கள் நின்ற இடத்தில்தான் கலந்திருக்கிறது. பம்புக்கு வைத்திருந்த பெட்ரோல் ஜெனரேட்டர் காற்று வரும் பக்கம் இருந்தது. அதற்குப் பெட்ரோல் ஊற்றிய கையுறையோடுதான் போத்தலையும் மூடியிருக்கிறோம். இரட்டை மாதிரி இதைக் காட்டாது, இரண்டும் ஒரே மாதிரி கெட்டிருக்கும்.

மறுபடி போனோம். ஜெனரேட்டரைக் காற்று போகும் பக்கம் தூரமாக வைத்து, கிணற்றுக்குக் கிணறு கையுறை மாற்றி, 40 மில்லி போத்தலில் ஒரு குமிழி இல்லாமல் நிரப்பினோம். மூன்றிலும் பென்சீன் இல்லை, வெற்று மாதிரியும் சுத்தம். அதற்குப் பிறகுதான் அந்தப் பாட்டிக்குப் பதில் சொல்ல எனக்கு வாய் வந்தது.

---

அக்கா, நானும் பகாவ்தான். எனக்கு நடந்தது நேர் எதிர்.

பழைய டிராக்டர் பட்டறை மண். தோண்டும்போதே பெட்ரோல் வாடை மூக்கில் ஏறியது. முடிவு மட்டும் சுத்தம் என்று வந்தது. ஆய்வகத்தின் உள் சோதனைகளில் ஒரு குறையும் இல்லை. தப்பு அதற்கு முன்பே நடந்துவிட்டது. ஈயம், ஆர்செனிக் பார்க்கும்போது செய்வதுபோல, நாலைந்து இடத்து மண்ணை வெயிலில் ஒரு பேசினில் கொட்டிக் கலக்கியிருந்தார்கள். ஆவியாகிற சரக்கு அங்கேயே போய்விட்டது.

நான் சண்டை போட்டு மறுபடி எடுக்க வைத்தேன். கலக்காமல், குழாயால் குத்தி எடுத்த மண்ணை அந்த இடத்திலேயே, ஆவியாகிற சரக்கைப் பிடித்து வைக்கும் மெத்தனால் ஊற்றிய போத்தலில் போட்டு மூடினோம். இந்த முறை பெட்ரோலில் இருக்கும் பென்சீனும் டொலுயீனும் நன்றாகவே தெரிந்தன.

முதல் முடிவை நம்பி, அந்த மண்ணைக் கோயில் பின்னால் உள்ள பள்ளத்தை நிரப்ப லோரியில் ஏற்ற ஆரம்பித்திருந்தார்கள். இறக்கச் சொன்னோம்.