ஒரே இடைமுகம் போதுமா? மீட்பு ரோபோவும் வீட்டு ரோபோவும்

காரைக்குடி மின்னணுவியல் ஆசிரியர்:
மாணவர்களின் இறுதியாண்டுத் திட்டத்துக்காக ஒரு கேள்வியை முன்வைக்கிறேன். இடிபாட்டுக்குள் நுழையும் ரோபோவுக்கும், கை கால் செயலிழந்தவருக்கு உதவும் ரோபோவுக்கும் ஒரே வகை இடைமுகம், அதாவது மனிதர் இயந்திரத்துக்குக் கட்டளையிட்டு அதன் நிலையை அறியும் வழி, போதும் என்பது என் கருத்து. என்ன வேண்டும் என்று மட்டும் மனிதர் சொல்லட்டும். எப்படிச் செய்வது என்பதை இயந்திரம் பார்த்துக்கொள்ளட்டும். சக்கர நாற்காலியில் பொருத்தும் ரோபோ கைக்குப் பெரும்பாலும் ஆறு மூட்டுகள் உண்டு. ஜாய்ஸ்டிக்கோ ஒரே நேரத்தில் இரண்டு மூன்று திசைகளைத்தான் ஏற்கும். அதனால் ஒரு டம்ளர் தண்ணீரை எடுப்பதற்குள், நகர்த்த, மணிக்கட்டைத் திருப்ப, விரலை மூட என்று பொத்தானை மாற்றி மாற்றி அழுத்தவேண்டியிருக்கிறது. மீட்பிலும் இதே சிக்கல்தான். 2015இல் அமெரிக்காவின் பொமோனாவில் அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு அமைப்பான டார்ப்பா நடத்திய ரோபோ போட்டியில், பேரிடர்க் களத்தில் நேர்வதைப் போலவே தகவல் தொடர்பை வேண்டுமென்றே விட்டுவிட்டுத் துண்டித்தார்கள். ஒவ்வோர் அசைவுக்கும் வெளியிலிருந்து கட்டளையை எதிர்பார்க்கும் ரோபோ அத்தகைய இடத்தில் என்ன செய்யும்?

தேவகோட்டைப் பேத்தி:
ஐயா, உங்கள் கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. என் அப்பத்தாவுக்குப் பக்கவாதம் வந்து மூன்றாண்டுகள் ஆகின்றன. வலக்கை எழும்பாது, பேச்சு குழறும். கைப்பேசியின் குரல் உதவியைப் பழக்கிப் பார்த்தோம். "அங்கிட்டு வையி" என்று அவர் சொன்னது திரையில் சம்பந்தமில்லாத சொற்களாக வந்து விழுந்தது. நான்கு முறை சொல்லிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். "என்ன வேண்டும் என்று மட்டும் சொல்லட்டும்" என்கிறீர்களே, அந்தச் சொல்லுதல்தான் அவருக்கு முடியாமல் போனது.

கஞ்சி ஊட்டும்போது, இடக்கை விரலால் கிண்ணத்தின் விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினால், "பொறு, இன்னும் விழுங்கவில்லை" என்று பொருள். வாய் திறந்திருக்கிறது என்பதற்காக அடுத்த கரண்டிக்கு ஆயத்தம் என்று கொள்ளக்கூடாது. மூச்சு வாங்குவதற்கும் திறப்பார். வாய் திறந்ததைக் கேமராவில் கண்டு தானாகக் கரண்டியை நீட்டும் இயந்திரம் அவருக்குப் புரையேற்றிவிடும். மீட்பு ரோபோவை இயக்குபவர் பயிற்சி பெற்றவர், ஆபத்துக்கு வெளியே அமர்ந்திருப்பவர். என் அப்பத்தாவின் உடம்போ இயந்திரத்தின் கை எட்டும் தூரத்திலேயே இருக்கிறது. இரண்டையும் எப்படி ஒன்றாகக் கருதுவது?

ஓய்வுபெற்ற தீயணைப்பு அலுவலர்:
பேத்தி சொல்வதோடு உடன்படுகிறேன். ஆனால் மீட்புப் பணியாளர் வசதியாக அமர்ந்திருக்கிறார் என்பதைத் திருத்த விரும்புகிறேன். தடித்த கையுறை, நனைந்த விரல், காதைப் பிளக்கும் ஜெனரேட்டர் சத்தம், மூன்றாம் நாள் தூக்கமின்மை, இவற்றோடுதான் அவர் இயக்குகிறார். தொடுதிரையைக் கொடுத்தால் எங்களுக்குப் பயனில்லை. கையுறையோடு பிடிக்கத்தக்க பெரிய குமிழும் நெம்புகோலும் வேண்டும்.

நமக்குப் பக்கத்திலேயே, மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில், 2019 அக்டோபரில் ஆழ்துளைக் கிணற்றில் விழுந்த இரண்டு வயதுக் குழந்தையை நான் மறக்கவில்லை. முதலில் ஏறத்தாழ 26 அடியில் சிக்கியிருந்த பிள்ளை பின்னர் 88 அடி அளவுக்கு நழுவியது; உயிரோடு மீட்க முடியவில்லை. அத்தகைய குறுகிய குழிக்குள் இறக்கும் கருவியின் நுனி எவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது, பிடி நழுவுகிறதா என்பதை மேலே இருப்பவரின் கை உணரவேண்டும். படம் மட்டும் காட்டும் இடைமுகம் பாதி இடைமுகம்தான்.

விபத்துக்குள்ளான ஃபுகுஷிமா அணுமின் நிலையத்துக்குள் ஜப்பானியர் அனுப்பிய குவின்ஸ் என்ற ரோபோ, 2011 அக்டோபரில், தகவல் கம்பி பழுதாகி இரண்டாம் அணு உலைக் கட்டடத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. கம்பி எங்கே மடிகிறது, எங்கே இழுபடுகிறது என்பதையும் திரை காட்டியாகவேண்டும் என்று அதைப் படித்தபோது எண்ணினேன்.

பள்ளத்தூர் சக்கர நாற்காலி:
முதுகுத்தண்டு அடிபட்ட எனக்கு ஆசிரியர் பக்கமே சாயத் தோன்றுகிறது. மாலை ஆனால் என் விரல்கள் ஜாய்ஸ்டிக்குக்கு அடங்குவதில்லை. எங்கள் வீட்டில் முகப்பிலிருந்து இரண்டாம் கட்டுக்குப் போவதற்குள் மூன்று நிலைப்படிகள். ஒவ்வொன்றிலும் நாற்காலியை நேராக நிறுத்துவதற்கே உயிர் போகிறது. அதை இயந்திரம் தானாகச் செய்தால் கையெடுத்துக் கும்பிடுவேன். ஒவ்வோர் அசைவுக்கும் "செய்யட்டுமா?" என்று கேட்கும் இயந்திரமும் எனக்குச் சுமையே.

ஆனால் எதைத் தானாகச் செய்யலாம் என்பதை நான் தீர்மானிக்கவேண்டும். மூளைக்குள் உணரியைப் பதித்துச் செய்து 2012இல் வெளியான ஆய்வொன்றில், கை கால் அசையாத பெண் ஒருவர் எண்ணத்தாலேயே ரோபோ கையைச் செலுத்தி, ஏறத்தாழ 15 ஆண்டுகளுக்குப் பிறகு தாமாகவே காப்பி குடித்தார். கை போகும் திசையை அவர் செலுத்தினார். பிடிப்பு, தூக்கல் போன்ற சில அசைவுகளை இயந்திரம் கோத்துச் செய்தது. இந்தப் பங்கீடுதான் எனக்கும் வேண்டும்.

காரைக்குடி மின்னணுவியல் ஆசிரியர்:
ஒரே இடைமுகம் என்பதை விட்டுக்கொடுக்கிறேன். நான் சுட்டிய போட்டியில் வென்ற தென்கொரியாவின் ஹியூபோ என்ற ரோபோவுக்குக்கூட, முழங்காலில் மண்டியிட்டுச் சக்கரத்தில் உருளும் அமைப்பு பெரிதும் கைகொடுத்தது என்பதையும் ஒப்புக்கொள்ளவேண்டும். தன்னியக்கம் ஒன்றே காரணம் என்று நான் வாதிட முடியாது. நிலைப்படியைப் பொறுத்தவரை, ஆத்தங்குடிக் கல்லின் பளபளப்பில் ஆழம் அளக்கும் கேமரா தடுமாறக்கூடும் என்பதால், படியின் விளிம்பில் அடையாளப் பட்டை ஒட்டிச் சோதிக்க எண்ணுகிறோம்.

ஆனால் சிறு அசைவுகளை இயந்திரத்திடம் ஒப்படைக்கவேண்டும் என்பதில் என் கருத்து மாறவில்லை. அம்மா, உங்கள் அப்பத்தா கிண்ணத்தைத் தட்டுவதையே 'நிறுத்து' என்ற கட்டளையாகக் கொள்ள, கிண்ணத்தின் அடியில் அதிர்வு உணரி ஒன்றைப் பொருத்திப் பார்க்க மாணவர்களை அழைத்துவரலாமா?

தேவகோட்டைப் பேத்தி:
ஞாயிறு காலை பத்து மணிக்கு வாருங்கள் ஐயா. ஆனால் கரண்டி கிண்ணத்தில் படும்போதும் அதே போன்ற அதிர்வுதானே எழும்? அதையும் அப்பத்தாவின் விரலையும் உங்கள் உணரி எப்படிப் பிரித்தறியும்? அதற்கு விடை கிடைக்கும்வரை இயந்திரம் வேண்டாம். முதல் நாள் பிள்ளைகள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சாப்பிடுவதைப் பார்க்கட்டும்.