கோபர் கேஸ் ஸ்லரியில் ஹைட்ரஜன்: வாயு வருது, 'டப்' சத்தம் வரலை

காட்பாடி மாணவன்:
வெல்லக் கரைசலை நொதிக்க வைத்து ஹைட்ரஜன் எடுக்கும் ப்ராஜெக்ட். 2 லிட்டர் பாட்டிலில் 1.5 லிட்டர் திரவம்: வெல்லம் 15 கிராம், கோபர் கேஸ் ஸ்லரி (சாண எரிவாயுக் கலனிலிருந்து வரும் குழம்பு) 150 மில்லி, அமிலம் ஏறாமலிருக்க ஆப்ப சோடா 6 கிராம். ஸ்லரியை 5 நிமிடம் சூடு காட்டிப் போட்டேன். அறை வெப்பம் 35 டிகிரி. முதல் நாள் 1.6 லிட்டர் வாயு, மறுநாள் அடியோடு நின்றுவிட்டது. சோதனைக் குழாயில் பிடித்து நெருப்புக் காட்டினால், ஹைட்ரஜன் எரியும் 'டப்' சத்தம் வராமல் தீக்குச்சி அணைகிறது. பிஹெச் (அமில அளவு; குறையக் குறைய அமிலம் அதிகம்) தாள் 4 காட்டுகிறது. எங்கே தப்பு? ராணிப்பேட்டைப் பக்கம் தோல் கழிவுநீர்ச் சேறு கிடைக்கும், ஸ்லரிக்குப் பதில் அதைப் போடலாமா?

கலன்காரர்:
தம்பி, நீங்க அளந்தது பெரும்பாலும் ஆப்ப சோடாவைத்தான். 6 கிராம் சோடா அமிலத்தில் முழுக்கக் கரைந்தாலே சுமார் 1.8 லிட்டர் கரியமில வாயு. அதில் ஒரு பங்கு நீரிலேயே தங்கிவிடும். குச்சி அணையாமல் என்ன செய்யும்?

அடுத்தது சூடு. ஸ்லரியில் மீத்தேன் நுண்ணுயிரிகள் ஏராளம். ஹைட்ரஜன் உண்டானதும் அதைத் தின்பது அவைதான். 5 நிமிடம் போதாது. துணியில் வடிகட்டி, 90–95 டிகிரியில் 45 நிமிடம் வையுங்க, மூடியபடியே ஆறட்டும். மீத்தேன் கூட்டம் சாகும். ஹைட்ரஜன் தரும் கிளாஸ்ட்ரிடியம் பாக்டீரியா வித்தாக (ஸ்போர்) மாறித் தாக்குப்பிடிக்கும். வித்து முளைக்க நேரமாகும், முதல் 10–20 மணி நேரம் குமிழி வரலைன்னு பதறாதீங்க.

அமிலம் சட்டென ஏறாமலிருக்க, ஆப்ப சோடாவுக்குப் பதில் டைபொட்டாசியம் பாஸ்பேட் உப்பு லிட்டருக்கு 2–3 கிராம். தொடக்க பிஹெச் 6.5. அது 5.5-க்கு இறங்கியதும் காஸ்டிக் சோடா கரைசலை (100 மில்லி நீரில் 4 கிராம்) ரப்பர் கார்க் வழியா ஊசியால் ஒரு மில்லி, ஒரு மில்லியா விடுங்க, 3 மணி நேரத்துக்கொரு தடவை பாருங்க. 4.5-க்குக் கீழே போனால் பாக்டீரியா ஹைட்ரஜனை விட்டுவிட்டு பியூட்டனால் என்ற ஆல்கஹால் பக்கம் திரும்பும், இல்லை முடங்கும். ராத்திரி விட்டுட்டுத் தூங்கினால் காலையில் 4 தான்.

அன்னபேதி (இரும்பு சல்பேட்) லிட்டருக்கு 0.1 கிராம் சேருங்க, ஹைட்ரஜனை உண்டாக்கும் ஹைட்ரஜனேஸ் நொதிக்கு இரும்பு வேணும். அம்மோனியம் குளோரைடு 1 கிராம். நீரைக் கொதிக்க வைத்து ஆற்றி, கழுத்துவரை நிரப்புங்க. மேலே காற்று இருந்தால் வித்து முளைத்து வளராது. டயர் கடை நைட்ரஜனை நம்பாதீங்க, சில சதவீதம் ஆக்சிஜன் கலந்திருக்கும்.

பாலாற்றங்கரை:
வெல்லத்தையும் பாருங்க. மண்டியில் பளபளன்னு மஞ்சளா இருப்பது நிறத்தை வெளுக்க ஹைட்ரோஸ் போட்டதா இருக்கலாம்; அந்தக் கந்தகச் சேர்மம் நுண்ணுயிரிக்கு ஆகாது. கருத்த வெல்லமே மேல்.

தோல் சேறு வேணவே வேணாம். குரோமியம் ஒரு பக்கம். அதைவிட, அதில் சல்பேட் அதிகம். சல்பேட் தின்னும் பாக்டீரியா உங்க ஹைட்ரஜனை எடுத்து ஹைட்ரஜன் சல்பைடா மாத்தும். அழுகிய முட்டை நாற்றம் மட்டுமில்லை, மூடிய அறையில் உயிருக்கே ஆபத்து. போர் தண்ணீரும் வேணாம், மழைநீரோ ஆர்ஓ நீரோ போதும்.

காட்பாடி மாணவன்:
நன்றி அண்ணா. வாயுவில் ஹைட்ரஜன் எவ்வளவுன்னு ஜிசி (வாயுக்களைப் பிரித்து அளக்கும் கேஸ் குரோமட்டோகிராஃப் கருவி) இல்லாமல் பார்க்க முடியுமா? இதில் ஒரு அடுப்பு எரியுமா?

கலன்காரர்:
50 மில்லி ஊசியில் 40 மில்லி வாயு, பிறகு 10 மில்லி 10% காஸ்டிக் கரைசல் இழுத்து, முனையை அடைத்து 2 நிமிடம் குலுக்குங்க. கரியமில வாயு கரையும். 20 மில்லி மிஞ்சினால் பாதி ஹைட்ரஜன். கையுறை, கண்ணாடி இல்லாமல் காஸ்டிக்கைத் தொடாதீங்க.

அடுப்பா? 15 கிராம் வெல்லத்தில் சர்க்கரை ஏறத்தாழ 12.5 கிராம். நொதிக்கும்போது கூடவே அசிட்டேட் அமிலம் உண்டாகும் வழியில் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறுக்கு உச்சம் 4 ஹைட்ரஜன் மூலக்கூறு, பியூட்டிரேட் அமிலம் உண்டாகும் வழியில் 2. கைக்கு 1.5 வந்தாலே நல்லது. அதாவது 2.7 லிட்டர். எரித்தால் சுமார் 26 கிலோஜூல். ஒரு டீ கிளாஸ் தண்ணிகூடக் கொதிக்காது. சர்க்கரை ஆற்றலில் 85% திரவத்திலேயே அமிலமாக் கிடக்கு, அதைத் திரும்ப கோபர் கேஸ் டேங்கில் கொஞ்சம் கொஞ்சமா ஊத்துங்க, மீத்தேனா வரும்.

பாலாற்றங்கரை:
ஒரு திருத்தம். ஊசியில் மிஞ்சுவதெல்லாம் ஹைட்ரஜன்னு எழுதிடாதீங்க, மீத்தேனும் காற்றின் நைட்ரஜனும் அதில் மிஞ்சும். ஜிசி (வெப்பக் கடத்தலை வைத்து வாயுவை அறியும் டிசிடி டிடெக்டர்) உள்ள லேபில் ஒரு மாதிரியாவது கொடுங்க. பாட்டிலில் வரும் முதல் 200 மில்லி வாயுவைக் கணக்கில் சேர்க்காமல் வெளியே விடுங்க. சிலிக்கான் ட்யூப் ஹைட்ரஜனைக் கசியவிடும், பியூட்டைல் ரப்பர் போடுங்க. நெருப்புச் சோதனை பாட்டிலுக்குத் தள்ளி, 20 மில்லி குழாயில் மட்டும். காற்றில் 4 முதல் 75 சதவீதம் வரை ஹைட்ரஜன் எரியும், பாட்டில் வாயில் குச்சி காட்டினால் கண்ணாடிதான் முகத்தில் தெறிக்கும்.