பழைய பிரிண்டர், புதிய கணினி: வன்னியில் எங்கள் அனுபவங்கள்

புதுக்குடியிருப்பிலிருந்து:

எங்கள் கூட்டுறவுச் சங்கத்தில் எப்சன் எல்எக்ஸ்-300 ஒன்று இருக்கிறது. 9 ஊசி டொட் மெட்ரிக்ஸ், அதாவது ஊசியால் புள்ளி புள்ளியாக அடிக்கிற வகை. பழைய கணினி படுத்துவிட, விண்டோஸ் 10 போட்ட ஒன்று வந்தது. அதன் பின்பக்கம் பழைய பிரிண்டர் கேபிளைச் செருகும் பெரலல் போர்ட்டே இல்லை. "அதைத் தூக்கிப் போட்டுவிட்டு லேசர் ஒன்று எடுங்கோ" என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். சங்கத்துக்கு அது சரிவராது. பற்றுச்சீட்டு கார்பன் வைத்து ஒரே அடியில் பிரதியோடு விழ வேண்டும். ஊசியால் அடிக்கிற பிரிண்டர்தான் அதைச் செய்யும், லேசர் செய்யாது.

கிளிநொச்சியில் யூஎஸ்பியிலிருந்து பெரலலுக்கு மாற்றும் கேபிள் வாங்கிச் செருகினேன். திரையில் பிரிண்டரின் பெயர் வரவில்லை, 'ஐஈஈஈ-1284 கன்ட்ரோலர்' என்று மட்டும் வந்தது. பலர் இந்த இடத்தில்தான் கேபிள் பழுது என்று கடைக்குத் திருப்பிக் கொடுக்கிறார்கள். கேபிளைக் கணினி கண்டுகொண்டது, பின்னால் நிற்பது எந்தப் பிரிண்டர் என்பதுதான் அதற்குத் தெரியவில்லை. நாமே சேர்க்க வேண்டும். பிரிண்டரைச் சேர்க்கும் இடத்தில் போர்ட்டாக எல்பிடி1 (பெரலல் போர்ட்டின் பெயர்) அல்ல, யூஎஸ்பி001 தெரிவு செய்யுங்கள்.

அடுத்தது டிரைவர், பிரிண்டரோடு பேசக் கணினிக்கு வேண்டிய மென்பொருள். இதில்தான் தமிழ் ஆட்களுக்கு ஒரு சிக்கல். பட்டியலில் முதலில் கண்ணில் படுவது 'ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி'. அதைப் போட்டால் இலக்கமும் ஆங்கிலமும் பளிச்சென்று விழும், தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும். அந்த டிரைவர் எழுத்தின் குறியை மட்டும் அனுப்பும், பிரிண்டர் தன்னிடமுள்ள எழுத்துருவால் அடிக்கும். தமிழ் எழுத்துரு அதனிடம் இல்லை. 'எப்சன் எல்எக்ஸ் சீரிஸ் 1 (80)' என்பதைப் போட்டால் விண்டோஸ் எழுத்தைப் படமாக்கிப் புள்ளி புள்ளியாக அனுப்பும். பட்டியலில் அது இல்லையென்றால் அங்கேயே உள்ள 'விண்டோஸ் அப்டேட்' பொத்தானை அழுத்திக் கொஞ்சம் பொறுங்கள், நீளமான பட்டியல் வரும். அச்சு மெதுவாகத்தான் போகும், போகட்டும். நெல் கொண்டு வந்து இறக்கிய மனிதரின் பெயர் கேள்விக்குறியாக விழுந்த சீட்டை அவர் கையில் எப்படிக் கொடுப்பது?

கிளிநொச்சியிலிருந்து:

அண்ணை, நான் கொமினிகேஷன் கடை வைத்திருக்கிறேன். என்னிடம் இருப்பது எச்பி லேசர்ஜெட் 1020. விண்டோஸில் பிரச்சினை தரவில்லை. மகளின் லேப்டொப்பில் விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு என்ற இயங்குதளம் போட்ட பிறகுதான் கஷ்டம் வந்தது. பிரிண்டர் பட்டியலில் நிற்கும், வேலையும் அனுப்பப்பட்டதாகக் காட்டும், ஆனால் ஒரு தாளும் வராது.

இந்த 1020 தன்னை இயக்கும் மென்பொருளான ஃபேர்ம்வெயாரை உள்ளே வைத்திருப்பதில்லை. சுவிட்ச் போடும் ஒவ்வொரு முறையும் கணினிதான் அதை அனுப்ப வேண்டும். விண்டோஸ் டிரைவர் அதைத் தானாகச் செய்துவிடும். உபுண்டுவில் எச்பி பிரிண்டர்களுக்கான எச்பிலிப் மென்பொருள் இருந்தால் மட்டும் போதாது, எச்பி தரும் பிளகின் என்ற துணை மென்பொருளையும் இணையத்திலிருந்து இறக்க வேண்டும். இறக்கியதும் பிரிண்டர் ஒருமுறை உறுமிச் சுழன்றது, அதுதான் அடையாளம். நம்ம பக்கம் கரண்ட் போய்ப் போய் வரும். லேப்டொப் பற்றரியில் நிற்க, பிரிண்டர் மட்டும் அணைந்து எழும்பும். அப்போது தாள் வராவிட்டால் யூஎஸ்பி வயரைக் கழற்றி மறுபடி செருகுங்கள், ஃபேர்ம்வெயார் திரும்பப் போகும்.

மாங்குளத்திலிருந்து:

பழைய பிரிண்டரை நம்பி இருப்பவர்கள் கணினி வாங்கும் முன் பார்க்க வேண்டியது ஒன்று. முன்பு விண்டோஸ் 32-பிட், 64-பிட் என்று இரண்டு வகையில் வந்தது, விண்டோஸ் 11 64-பிட்டில் மட்டும்தான் வருகிறது. உங்கள் பிரிண்டருக்கு 32-பிட் டிரைவர் மட்டுமே இருந்தால் அது அதில் ஏறாது. பிரிண்டரோடு வந்த பழைய சீடியை நம்பாமல், கம்பனித் தளத்தில் அந்த மொடலுக்கு 64-பிட் டிரைவர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

புதுக்குடியிருப்பு அண்ணையிடம் ஒன்று கேட்க வேண்டும். எங்கள் ஆலையின் பழைய கணக்கு மென்பொருள் எல்பிடி1க்கு மட்டும்தான் அனுப்பும். யூஎஸ்பி001ஐ அதற்குத் தெரியாது. என்ன செய்யலாம்?

புதுக்குடியிருப்பிலிருந்து:

வழி இருக்கிறது தம்பி. பிரிண்டரின் பண்புகளில் பகிர்வை இயக்கி, இடைவெளி இல்லாத சின்னப் பெயர் ஒன்று கொடுங்கள். பிறகு கட்டளைத் திரையில் 'நெட் யூஸ்' கட்டளையால் எல்பிடி1ஐ அந்தப் பகிர்வோடு கட்டிவிடுங்கள். கணினியை அணைத்துப் போட்டாலும் நிலைக்கும்படி 'பெர்சிஸ்டன்ட்' என்பதற்கு 'யெஸ்' கொடுக்க மறக்க வேண்டாம். மென்பொருள் எல்பிடி1க்கு அனுப்புவதை விண்டோஸ் பிரிண்டரிடம் சேர்த்துவிடும். அந்த மென்பொருள் விண்டோஸுக்கு முந்திய டொஸ் காலத்ததா? அப்படியென்றால் 64-பிட் விண்டோஸில் திறக்கவே திறக்காது. அதற்கென்று பழைய 32-பிட் கணினியை ஆலையிலேயே விட்டு வையுங்கள்.