சாவும் ஆறும்: படிக்க என்ன இருக்கிறது, சொல்லுங்களேன்

நண்பர்களே, ஒரு உதவி. இலக்கியத்தில் ஆறும் சாவும் சேர்ந்து வரும் இடங்களைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கும் கட்டுரை பாதியில் நிற்கிறது. நிறைய மரபுகளில் ஆறு ஒரு எல்லைக்கோடு. கிரேக்கர்கள் படகோட்டி கேரோனுக்குக் கூலியாகப் பிணத்தின் வாயில் காசு வைத்ததுண்டு, ஜப்பானில் இறந்தவர்கள் சன்சு ஆற்றைக் கடக்க 6 காசு, கருட புராணத்தில் யமலோகம் போகும் வழியில் வைதரணி ஆறு. ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் காவியத்தில் அடக்கம் செய்யப்படாத உயிர்கள் கரையிலேயே 100 ஆண்டுகள் அலைகின்றன, எனக்கென்னவோ இந்தக் காத்திருப்புதான் மிகக் கொடுமையாகப் படுகிறது.

ஆனால் புறநானூறு 192-ஐ எடுத்தால் கதையே வேறு. மழை பெய்து, கல்லில் மோதி இரைந்து ஓடும் பேராற்றில் நீர் போகிற வழியே போகும் தெப்பம்தான் அங்கே உயிர். அக்கரை என்ற பேச்சே இல்லை, கூலி கேட்க ஆளும் இல்லை.

எனக்கு வேண்டியது இந்த இரண்டாவது வகை. சாவை ஆற்றைக் கடப்பதாக இல்லாமல் அதோடு போவதாகக் காட்டும் கதை, கவிதை எந்த மொழியில் இருந்தாலும் சொல்லுங்கள், தமிழ் மொழிபெயர்ப்பு இருந்தால் இன்னும் நல்லது. வெறும் அஸ்தி கரைக்கும் காட்சி வேண்டாம், அது கையில் நிறையவே இருக்கிறது. அப்புறம், சாமி நம்பிக்கையே இல்லாத ஒருவர் ஆற்றங்கரையில் சடங்கு செய்ய நேர்கிற கதை ஏதாவது நினைவுக்கு வந்தால், எந்த அத்தியாயம் என்பதையும் சேர்த்துப் போடுங்கள்.