கொழும்புக்குக் கிட்ட சைக்கிள் ஓட கிரவல் பாதை இருக்கா?

வணக்கம் அண்ணாமார், அக்காமார். நான் வெள்ளவத்தையில இருக்கிறன். காலி வீதியில விடிய அஞ்சரைக்கே பஸ்காரர் ஹோர்ன் அடிச்சுக்கொண்டு உரசுறாங்கள். அதில சைக்கிள் ஓட இனி மனமில்லை. வாகனம் குறைஞ்ச, கல்லும் மண்ணுமான பாதைதான் தேடுறன். டயர் 40 மில்லிமீற்றர், கிரவலுக்குத் தாங்கும்.

கண் வச்சிருக்கிறது ஹமில்டன் கால்வாய்க் கரையில. 1804இல வெட்டி முடிச்சது, முத்துராஜவெல சதுப்பு நிலத்தை ஒட்டி நீர்கொழும்புப் பக்கம் போகுது. ஒரே மட்டம், ஏத்தமே இல்லை. ஆனா கரையால தொடர்ந்து ஓடலாமா, எந்த இடத்தில தார் றோட்டுக்கு ஏறவேணும், மழைக்குப் பிறகு சேறு எப்பிடி? அண்மையில போனாக்கள் சொல்லுங்கோ. வெயில் காலத்தில எடுத்த வடிவான படங்கள் வேண்டாம், அதை நம்பிப் போகேலாது.

இல்லாட்டி பாதுக்கை, இங்கிரியப் பக்க இறப்பர் தோட்டப் பாதைகள். நிழல் இருக்கும், அட்டையும் இருக்கும். உள்ளுக்குப் போக ஆரிட்ட அனுமதி கேக்கிறது? தலங்கம குளம் சொல்லாதேங்கோ. கொக்கு பாக்க நல்லம், ஓடத் தூரம் காணாது.

பாதுக்கைப் பக்கம் போற களனிவெளி ரயில்ல சைக்கிள் ஏத்த விடுவினமோ? தெரிஞ்சாக்கள் அதையும் எழுதுங்கோ.