ஓபன்சீஸ்: மூன்று மாடிக் கட்டடத்துக்கு 14 வினாடி அலைவுக்காலமா?

புதிய_சட்டகம்:
முதுகலை ஆய்வுக்காக, நிலநடுக்கத்தில் கட்டடம் எப்படி ஆடும் என்று கணக்கிடும் ஓபன்சீஸ் மென்பொருளைப் பழகி வருகிறேன். 10 மீட்டர் உயர மூன்று மாடிக் கான்கிரீட் சட்டகம். நீளம் மில்லிமீட்டரில், விசை நியூட்டனில். தளத்துக்கு 200 கிலோநியூட்டன் எடை. நிறை 20387 என்று கொடுத்தேன். அலைவுக்காலம் (கட்டடம் ஒருமுறை ஆடித் திரும்பும் நேரம்) 14.2 வினாடி வருகிறது! இந்திய நிலநடுக்கத் தரவிதியான ஐஎஸ் 1893-இன் சூத்திரம் 0.42 வினாடி என்கிறது. பிழைச்செய்தி ஒன்றும் இல்லை. இலவச மென்பொருள் என்றால் இப்படித்தானா?

பழைய_தூண்:
ஊஞ்சல்கூட இதைவிட வேகமாக ஆடும், தம்பி. மென்பொருளின் மேல் பழி போடாதீர்கள். ஓபன்சீஸுக்கு அலகு என்பதே தெரியாது. கொடுத்த எண்ணை வாங்கிக் கணக்குப் போடும், அவ்வளவுதான். நியூட்டன், மில்லிமீட்டர், வினாடி என்று போனால் நிறை டன்னில் இருக்க வேண்டும். நீங்கள் கிலோகிராமில் கொடுத்திருக்கிறீர்கள். நிறை ஆயிரம் மடங்கானால் காலம் 31.6 மடங்காகும். 200000-ஐ 9810-ஆல் வகுத்துப் பாருங்கள்: 20.387. அதைக் கொடுங்கள்.

வெல்டிங்_பட்டறை:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இரும்புத் தாங்கிகளில் துளையைச் சுற்றித் தகைவு (ஸ்ட்ரெஸ்) எவ்வளவு என்று பார்ப்பதுதான் என் வேலை. இதைக் கற்றால் உதவுமா?

பழைய_தூண்:
உங்களுக்குக் கால்குலிக்ஸ் என்ற தகைவுக் கணிப்பு மென்பொருள் போதும். ஃப்ரீகேட் என்ற வரைபட மென்பொருளில் வரைந்து அங்கிருந்தே ஓட்டலாம். ஓபன்சீஸ் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் நிலநடுக்க ஆய்வுக்காகப் பிறந்தது. அதன் பலம், கட்டடம் விரிசல் விட்டுக் கம்பி இளகிய பிறகு என்ன ஆகும் என்பதில். தூணின் வெட்டுமுகத்தைச் சிறு இழைகளாகப் பிரித்து, ரிங் கம்பிக்குள் இறுகிய கான்கிரீட்டுக்கு ஒரு குணம், வெளியே உதிரக்கூடிய கவர் கான்கிரீட்டுக்கு வேறு குணம், கம்பிக்குத் தனிக் குணம் என்று கொடுக்கலாம். ஆனால் வரைகலைத் திரை கிடையாது. டிசிஎல், பைத்தான் ஆகிய நிரல்மொழிகளில் ஒன்றில் எழுத வேண்டும். இந்த உத்திரத்துக்கு எத்தனை கம்பி என்றும் சொல்லாது. மூலநிரல் திறந்திருக்கிறது, நம் பயன்பாட்டுக்கு இலவசம். விற்கும் பொருளில் சேர்ப்பதாக இருந்தால் மட்டும் பல்கலைக்கழகத்தின் அனுமதி வேண்டும்.

புதிய_சட்டகம்:
0.449 வினாடி வந்துவிட்டது, ஐயா! ஆனால் அடுத்த சிக்கல். பக்கவாட்டில் விசையைப் படிப்படியாகக் கூட்டித் தள்ளினேன். நன்றாகப் போய்க்கொண்டிருந்தது, திடீரெனத் தீர்வு குவியவில்லை (கணக்கு ஒரு விடையில் நிலைக்கவில்லை) என்று நின்றுவிட்டது. படியைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தும் அதே இடத்தில் நிற்கிறது.

பழைய_தூண்:
அதே இடத்தில் நிற்கிறது என்பதுதான் துப்பு. பெரும்பாலும் அது சட்டகத்தின் உச்ச வலிமையாக இருக்கும். அதற்கு மேல் தாங்க முடியாத கட்டடத்திடம் இன்னும் கொஞ்சம் தாங்கு என்றால் எந்தச் சமன்பாடு தீரும்? விசையை விட்டுவிட்டு நகர்வைக் கட்டுப்படுத்துங்கள்: மேல்தளக் கணுவை (தூணும் உத்திரமும் சேரும் புள்ளியை) ஒவ்வொரு மில்லிமீட்டராகத் தள்ளச் சொல்லுங்கள், அதற்கு எவ்வளவு விசை என்று அது கணக்கிடட்டும். விசை-நகர்வு வளைவு உச்சியைத் தாண்டி இறங்குவதும் தெரியும். அப்படியே தூண்களுக்கு பி-டெல்டா உருமாற்றம் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். நேரியல் என்றே விட்டிருந்தால் சாய்ந்த கட்டடத்தின் எடை அதை மேலும் சாய்ப்பது கணக்கில் வராது.

புதிய_சட்டகம்:
நேரியல் என்றுதான் இருக்கிறது. மாற்றிவிட்டு வருகிறேன்.